ஸ்டெபிலைசேஷனை அணைத்தால் பேட்டரி மிச்சமாகுமா?

நண்பர் ஒருவர் கேட்ட கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மிரர்லெஸ் கேமராவும் (உள்ளே கண்ணாடி இல்லாமல், காட்சியைக் குட்டித் திரையில் காட்டும் வகை) தூரத்துப் பறவையை இழுத்துக் காட்டும் 150-600 எம்எம் லென்ஸுமாக அடிக்கடி வேடந்தாங்கல் போகிறவர் அவர். காலை ஆறு மணிக்கு ஏரிக்கரையில் நின்றால் பத்து மணிக்குள் முதல் பேட்டரி காலி. கூட வந்த ஒருவர், “ஸ்டெபிலைசேஷனை அணைச்சுப் போடுங்க சார், பேட்டரி ரெண்டு பங்கு வரும்” என்றிருக்கிறார். (கைநடுக்கத்தால் படம் கலங்காமல் பார்த்துக்கொள்ளும் வசதிதான் ஸ்டெபிலைசேஷன்.) அது உண்மையா? அணைத்தால் படம் கெடுமா? அப்புறம், கேமராவை ஆஃப் செய்துவிட்டு லேசாக ஆட்டினால் உள்ளே ஏதோ கழன்று கிடப்பது போல டக் டக் என்று கேட்கிறதே, அது பழுதா?

மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதற்குள்தான் முதல் கேள்விக்கான பாதி விடை இருக்கிறது.

பழுதில்லை. உடலுக்குள்ளேயே ஸ்டெபிலைசேஷன் வைத்திருக்கும் கேமராவில் (ஐபிஸ் என்று சொல்வது இதைத்தான்) சென்சார், அதாவது ஒளியைப் படமாக்கும் சில்லு, எதோடும் இறுகத் திருகப்பட்டிருக்காது. காந்தங்களுக்கும் காயில்களுக்கும் (கம்பிச் சுருள்கள்) நடுவில் ஒரு தட்டில் உட்கார்ந்திருக்கும். காயிலில் மின்சாரம் ஓடினால் காந்தம் அந்தத் தட்டைத் தள்ளும், இழுக்கும். மின்சாரம் நின்றால் பிடிமானம் போய்விடும், தட்டு தன் இடத்துக்குள் சும்மா ஆடும். நீங்கள் கேட்ட டக் டக் அந்தச் சத்தம்தான். சில மாடல்களில் ஆஃப் செய்யும்போது தட்டைப் பூட்டிவைக்கும் அமைப்பு உண்டு, அவற்றில் சத்தம் வராது.

சரி, கேமரா ஆனில் இருக்கும்போது அந்தத் தட்டைத் தூக்கிப் பிடித்திருப்பது யார்? காயிலில் ஓடும் மின்சாரம்தான். கை நடுங்கினாலும் நடுங்காவிட்டாலும் அது ஓடிக்கொண்டேதான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தட்டு கீழே சரிந்துவிடும்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். சென்சாரும் தட்டும் சேர்ந்து 50 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கைநடுக்கத்தைச் சரிக்கட்ட அது நொடிக்கு ஐந்து முறை, நடுவிலிருந்து இருபுறமும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தூரம், போய்வர வேண்டும் என்போம். அதற்கு வேண்டிய உச்ச முடுக்கம், பள்ளிக்கூட இயற்பியல் பாடத்தின்படி, சுமார் 0.1 மீட்டர்/நொடி². புவியீர்ப்பு 9.8. அதாவது நடுக்கத்தைத் துரத்திப் பிடிக்க வேண்டிய விசை, தட்டைச் சரியாமல் தாங்கி நிறுத்த வேண்டிய விசையில் நூறில் ஒரு பங்குதான். 50 கிராம் என்பதை 30 ஆக்கினாலும் 80 ஆக்கினாலும் இந்த விகிதம் மாறாது. நடுக்கம் பத்து மடங்கு பெரிதானால்கூடப் பத்தில் ஒரு பங்குக்குத்தான் வரும். காயிலில் சூடாகி வீணாகும் மின்திறனோ மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே வித்தியாசம் இன்னும் விரிகிறது.

இதிலிருந்து இரண்டு விஷயம் புரியும். “என் கை ரொம்ப நடுங்கும், அதனால்தான் பேட்டரி சீக்கிரம் தீர்கிறது” என்று சிலர் சொல்வது சரியல்ல. ஸ்பிரிங் இல்லாத வடிவமைப்பில் தாங்கி நிற்பதற்குத்தான் பெரும்பாலான கூலி. இன்னொன்று, மெனுவில் போய் ‘ஆஃப்’ போட்டாலும் அந்தக் கூலி முழுக்க நின்றுவிடாது. அசையக்கூடாது என்றாலும் சென்சார் நட்டநடுவில், நேராக நின்றாக வேண்டும். பூட்டு இல்லாத கேமராவில் அதை அங்கே நிறுத்துவதும் அதே காயில்கள்தான். வேலையை நிறுத்தச் சொன்னோமே தவிர வேலையாளை வீட்டுக்கு அனுப்பவில்லை.

லென்ஸுக்குள் இருக்கும் ஸ்டெபிலைசேஷன் வேறு ரகம். நிக்கான் விஆர் என்கிறது, கேனான் ஐஎஸ், டாம்ரான் விசி, சிக்மா ஓஎஸ். உள்ளே ஒரு சின்னக் கண்ணாடித் தொகுதி மட்டும் நகரும். வேலை இல்லாதபோது அதைப் பூட்டிவைக்கும் ஏற்பாடு பல லென்ஸ்களில் உண்டு. ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தியதும் ‘க்ளிக்’ என்று ஒரு சத்தம், பிறகு காதை ஒட்டி வைத்தால் கேட்கும் மெல்லிய ரீங்காரம், விரலை எடுத்து ஓரிரு நொடி கழித்து மறுபடி ஒரு ‘க்ளிக்’. பழைய கேனான் லென்ஸ் வைத்திருந்தவர்களுக்கு இந்தச் சத்தம் நன்றாகப் பழக்கம். இந்த வகையில் அணைத்தால் உண்மையிலேயே அணைந்துவிடும். எனவே மிச்சமும் கொஞ்சம் உண்டு.

கொஞ்சம் என்றால் எவ்வளவு? இங்கேதான் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். என்னிடம் அடிக்கடி காட்டப்படும் ஆதாரம் நிக்கானுடையது. 2017இல் வந்த டி850இன் பேட்டரி, ஒரு சார்ஜுக்கு 1,840 படம். 2018இல் வந்த இசட்7, ஏறத்தாழ அதே பேட்டரி, அதே 1,900 மில்லி ஆம்பியர் மணி, வெறும் 330 படம். டி850 உடலில் ஸ்டெபிலைசேஷன் கிடையாது, இசட்7இல் உண்டு. “பார்த்தீர்களா, ஐபிஸ் எப்படிக் குடிக்கிறது!”

எண்கள் சரி. ஆனால் குற்றவாளி வேறு ஆள். டி850 டிஎஸ்எல்ஆர் வகை, கண்ணாடியில் பட்டு வரும் ஒளியை நேராகக் கண்ணுக்குக் காட்டுகிறது. நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் சென்சார் தூங்குகிறது, திரை தூங்குகிறது, பிராசசருக்கும் பெரிதாக வேலையில்லை. இசட்7இல் நீங்கள் வியூஃபைண்டரில் கண்ணை வைத்த நொடியிலிருந்து சென்சார் நொடிக்குப் பல பத்து முறை படித்து, பிராசசர் அதைச் சமைத்து, குட்டித் திரையில் பரிமாறிக்கொண்டே இருக்கிறது. படம் எடுக்காவிட்டாலும் வீடியோ எடுப்பது போன்ற செலவுதான்.

ஐபிஸ் மட்டும் மாறி மற்றதெல்லாம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும் ஜோடிகளைப் பார்த்தால்தான் நியாயமான ஒப்பீடு. சோனியில் அப்படி ஒன்று கிடைக்கிறது. 2013இன் ஏ7, உடலில் ஸ்டெபிலைசேஷன் இல்லை. 2014இன் ஏ7 மார்க் 2, ஐந்து அச்சு ஸ்டெபிலைசேஷன். இரண்டுக்கும் ஒரே என்பி-எஃப்டபிள்யூ50 பேட்டரி. பின்திரையைப் பார்த்து எடுத்தால் முதலாவதற்கு 340 படம், இரண்டாவதற்கு 350. குறையவில்லை, பத்துப் படம் கூடியே இருக்கிறது! வேறு எங்கோ மிச்சம் பிடித்து ஈடுகட்டியிருப்பார்கள். ஆனால் ஐபிஸ் பாதி பேட்டரியைத் தின்னும் சாமானாக இருந்தால் இப்படி ஈடுகட்ட முடிந்திருக்காது.

ஃபூஜியில் இன்னொரு ஜோடி. எக்ஸ்-டி2வும் எக்ஸ்-எச்1உம் ஒரே பேட்டரியில் ஓடுபவை, ஒரே தலைமுறை 24 மெகாபிக்சல் சென்சார். ஐபிஸ் இல்லாத எக்ஸ்-டி2வுக்கு 340, ஐபிஸ் வந்த எக்ஸ்-எச்1க்கு 310. முப்பது படம் குறைந்திருக்கிறது, ஒன்பது சதவீதம் மாதிரி. அந்த முப்பதையும் ஐபிஸ் தலையில் கட்ட முடியாது, எக்ஸ்-எச்1இன் வியூஃபைண்டரும் கூடுதல் புள்ளிகள் கொண்டது. அதற்கும் பங்கு இருக்கும்.

இந்த எண்களெல்லாம் சிபா என்ற ஜப்பானியக் கேமரா தயாரிப்பாளர் சங்கத்தின் சோதனை முறைப்படி வருபவை. 30 நொடிக்கு ஒரு படம், பத்துப் படத்துக்கு ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்வது என்று போகும் முறை அது. யாரும் அப்படிப் படம் எடுப்பதில்லை. நத்தைகுத்தி நாரை ஒன்று இறங்கிவரும்போது நொடிக்குப் பதினைந்து படம் எடுத்தால் 330 படப் பேட்டரியில் இரண்டாயிரம்கூட வரும். ஒரு பறவைக்காக அரைமணி நேரம் கண்ணை எடுக்காமல் காத்திருந்தால் ஐம்பது படத்தில் பேட்டரி தீர்ந்தாலும் ஆச்சரியமில்லை. ஒப்பிடுவதற்குப் பயன்படும் எண், நம்பி வீட்டைவிட்டுக் கிளம்புவதற்கான எண் அல்ல.

‘ரெண்டு பங்கு வரும்’ என்பதை இன்னொரு பக்கமிருந்தும் சோதிக்கலாம். சோனி ஏ7 மார்க் 3இன் பேட்டரி 16.4 வாட் மணி. நிறுத்தாமல் வீடியோ எடுத்தால் சுமார் 200 நிமிடம் ஓடும். வகுத்துப் பார்த்தால் மொத்தக் கேமராவும் சேர்ந்து ஏறக்குறைய 5 வாட். ஸ்டெபிலைசேஷனை அணைத்தால் இரட்டிப்பாகும் என்றால் அதுமட்டும் இரண்டரை வாட் எடுக்க வேண்டும். அவ்வளவு மின்சாரம் காயிலில் வெப்பமாக மாறுவது எங்கே? சென்சாரின் முதுகை ஒட்டி. சென்சார் சூடானால் படத்தில் இரைச்சல், அதாவது பொடிப்பொடிப் புள்ளிகள், ஏறும். அப்படி ஒரு அடுப்பை அங்கே வைக்க எந்தப் பொறியாளரும் சம்மதிக்கமாட்டார்.

அப்படியானால் இந்தப் பேச்சு எங்கிருந்து கிளம்பியது? முழுப் பொய்யும் இல்லை. கேனான் கேமராக்களின் கையேட்டிலேயே, லென்ஸின் ஐஎஸ்ஸைப் பயன்படுத்தினால் எடுக்கக்கூடிய படங்கள் குறையும் என்று ஒரு வரி இருக்கும். மாற்றக்கூடிய லென்ஸில் ஸ்டெபிலைசேஷன் முதலில் வந்தது 1995இல், கேனானின் 75-300இல். அது ஃபிலிம் காலம். அதற்கு முந்தைய வருடம் நிக்கான் ஒரு சின்ன ஃபிலிம் கேமராவில் வைத்திருந்தது. ஃபிலிம் கேமராவில் பெரிய திரை கிடையாது, சென்சார் கிடையாது. ஃபிலிமை நகர்த்துவதும் ஃபோகஸ் செய்வதும்தான் செலவு. வரவு செலவு நூறு ரூபாயாக இருக்கும் வீட்டில் பத்து ரூபாய் பெரிதாகத் தெரியும். அந்த எச்சரிக்கை அப்படியே டிஎஸ்எல்ஆர் காலத்துக்கும் வந்தது, அங்கேயும் ஓரளவு பொருந்தியது. மிரர்லெஸ் வீட்டின் வரவு செலவு ஆயிரம் ரூபாய். அதே பத்து ரூபாய் இங்கே கண்ணிலேயே படாது.

டிஎஸ்எல்ஆரில் பொருந்தியது என்று சொன்னேனே, அதை நானே பட்டுத் தெரிந்துகொண்டேன். கல்யாண வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலம். கையில் 70-200 ஐஎஸ் லென்ஸ். எனக்கு ஒரு கெட்ட பழக்கம், எடுக்கிறேனோ இல்லையோ விரல் எப்போதும் ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தியபடியே இருக்கும். மாப்பிள்ளை அழைப்பிலிருந்து அப்படியே. முகூர்த்தத்துக்குக் கெட்டிமேளம் தொடங்கும்போது பேட்டரிக் குறி சிமிட்ட ஆரம்பித்தது. மாற்றுப் பேட்டரி மண்டபத்தின் மறுகோடியில், பையில். என்னோடு வந்த தம்பியிடமும் அதே உடல், அதே லென்ஸ். என்னைவிட அதிகம் எடுத்திருந்தான், அவன் பேட்டரி பாதிகூடத் தீரவில்லை. படம் எடுக்கும்போது மட்டும் விரல் வைப்பவன். தாலி கட்டும் படம் அவன் கேமராவில்தான் இருக்கிறது.

அன்று ஐஎஸ்தான் தின்றது என்று நானும் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு யோசித்தால், பாதி அழுத்தும்போது ஐஎஸ் மட்டுமா விழிக்கிறது? ஒளி அளக்கும் பகுதி, ஃபோகஸ் மோட்டார், பிராசசர் எல்லாமேதான். ஸ்டெபிலைசேஷன் அந்தக் கூட்டத்தில் ஒருவர், கொஞ்சம் சத்தமாக வேலை செய்பவர். சத்தம் கேட்டதால் பழி அவர்மேல் விழுந்தது.

ஆக, நண்பரே, உங்கள் பேட்டரியைத் தீர்மானிப்பது கேமரா எவ்வளவு நேரம் விழித்திருக்கிறது என்பதுதான். பறவை வேலையில் இது ரொம்ப முக்கியம், எடுக்கும் நேரத்தைவிடக் காத்திருக்கும் நேரம் அதிகம். கூழைக்கடா தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கிறது, எழும்புமா என்று பத்து நிமிடம் வியூஃபைண்டரில் பார்த்துக்கொண்டே நிற்போம். அந்தப் பத்து நிமிடத்தை வெறுங்கண்ணாலோ பைனாகுலராலோ பாருங்கள். தானாகத் தூங்கும் நேரத்தை ஒரு நிமிடமோ அதற்கும் கீழோ வையுங்கள். கழுத்தில் தொங்கும் கேமராவின் வியூஃபைண்டர் உங்கள் சட்டையைக் கண் என்று நினைத்துக்கொண்டு எரிந்துகொண்டே இருக்கும், இதைப் பலர் கவனிப்பதில்லை. நடக்கும்போது ஆஃப் செய்துவிடுவதே மேல். பட்டனை அழுத்தாதபோதும் ஃபோகஸைத் தேடிக்கொண்டே இருக்கும் ஒரு வசதி பல கேமராக்களில் உண்டு, சோனியிலும் ஃபூஜியிலும் ப்ரீ-ஏஎஃப் என்று இருக்கும். அதை அணையுங்கள். 600 எம்எம் லென்ஸில் அந்த மோட்டார் சும்மா ஓடுவது வெட்டிச் செலவு. வியூஃபைண்டரின் புதுப்பிப்பு வேகத்தை உச்சத்தில் வைத்திருந்தால் ஒரு படி இறக்குங்கள். ப்ளூடூத், வைஃபை தேவையில்லாதபோது விமானப் பயன்முறை.

ஸ்டெபிலைசேஷனைத் தொட்டே ஆக வேண்டும் என்றால் முழுக்க அணைப்பதற்கு முன் மெனுவில் இதைத் தேடுங்கள்: ‘எப்போதும்’, ‘எடுக்கும்போது மட்டும்’ என்று இரண்டு தேர்வுகள். ஃபூஜி, கேனான், பானசோனிக் போன்றவற்றில் ஏதாவது ஒரு பெயரில் இருக்கும். இரண்டாவதை வைத்தால் செலவு குறையும், பாதுகாப்பும் போகாது. ஆனால் 600 எம்எம்மில் எனக்கு ‘எப்போதும்’தான் பிடிக்கும். காரணம் சொல்கிறேன்.

இரண்டாவது கேள்வி, அணைத்தால் படம் கெடுமா. கையில் பிடித்து எடுக்கும்போது 600 எம்எம்முக்குக் குறைந்தது 1/600 நொடி ஷட்டர் வேகம் வேண்டும் என்பது பழைய விதி. நான்கு ஸ்டாப் ஸ்டெபிலைசேஷன் (ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் வேகத்தைப் பாதியாக்கலாம்) இருந்தால் 1/40 அளவுக்கு இறங்கலாம் என்பது கணக்கு. விடியற்காலை மங்கல் வெளிச்சத்தில் கிளையில் உறங்கும் வக்காவை எடுக்க இது பெரிய வரம். பறக்கும் பறவைக்கு இது உதவாது, சிறகு அசைவதை எந்த ஸ்டெபிலைசேஷனும் நிறுத்தாது. அதற்கு 1/2000 போல வேகம் வைத்தே ஆக வேண்டும். அந்த வேகத்தில் கைநடுக்கமும் படத்தில் தெரியாது, எனவே படத்தின் கூர்மைக்காக மட்டும் என்றால் அணைக்கலாம்.

ஆனால் அணைத்துவிட்டு 600 எம்எம்மில் வியூஃபைண்டரைப் பாருங்கள். பறவை சட்டத்துக்குள் துள்ளிக்கொண்டே இருக்கும். ஃபோகஸ் புள்ளியைக் கண்ணில் நிறுத்துவது திண்டாட்டம், கேமராவுக்கும் பின்தொடர்வது சிரமம். படம் தவறும், மறுபடி எடுப்போம், மறுபடி பாதி அழுத்துவோம். மிச்சம் பிடித்ததைவிடக் கூடுதலாக அங்கே செலவாகிவிடும்.

தயங்காமல் அணைக்க வேண்டிய இடம் ட்ரைபாட். அதுவும் பழைய லென்ஸ் என்றால் கட்டாயம். ஆரம்ப காலத்து ஸ்டெபிலைசேஷனுக்குத் தான் ட்ரைபாட் மேல் இருக்கிறோம் என்று தெரியாது. இல்லாத நடுக்கத்தைத் தேடிக்கொண்டு அதுவே படத்தை மெல்ல அசைத்துவிடும். புதியவை பெரும்பாலும் தாமாகக் கண்டுபிடித்து அடங்கிவிடுகின்றன. ட்ரைபாடில் மணிக்கணக்கில் நின்று நட்சத்திரமோ கூடோ எடுப்பவர்களுக்கு இங்கே பேட்டரியும் ஓரளவு மிச்சம்.

வீடியோவில் கதை கொஞ்சம் மாறும். அங்கே மின்னணு ஸ்டெபிலைசேஷன் என்று ஒன்று சேர்கிறது. படத்தின் ஓரத்தை வெட்டிவிட்டு, ஒவ்வொரு ஃபிரேமையும் பிராசசர் நகர்த்தியும் வளைத்தும் பொருத்தும். இது காயில் வேலை அல்ல, கணக்கு வேலை, எனவே சூடும் செலவும் கூடும். நீளமான பேட்டி எடுக்கும்போது கேமரா ட்ரைபாடில் இருந்தால் இதை ஆனில் வைத்திருக்க ஒரு காரணமும் இல்லை.

ஃபோனிலும் இதே காயில்கள்தான், நோக்கியா லூமியா 920இல் 2012லேயே வந்தது. அங்கே நகரும் எடை மிகச் சிறியது, திரைக்கும் சிக்னலுக்கும் முன்னால் பேட்டரிக் கணக்கில் அது வராது. வேறு ஒரு கவலைதான் உண்டு. பைக் கைப்பிடியில் ஃபோனை மாட்டி மேப் பார்த்துக்கொண்டு போகிறவர்களுக்காக, எஞ்சின் அதிர்வு இந்த அமைப்பைக் கெடுக்கலாம் என்று 2021இல் ஆப்பிளே எச்சரித்தது. கேமராப் பையை பைக்கின் பெட்ரோல் டேங்க் மேல் வைத்துக்கொண்டு வேடந்தாங்கல் போகிறவர்களும் அடியில் ஒரு மெத்தையைப் போட்டுக்கொள்வது நல்லது. அந்த டக் டக் தட்டு உள்ளே ஆடிக்கொண்டே வரும் அல்லவா.

இவ்வளவும் படித்த பிறகும் உங்கள் மாடலில் சரியாக எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் ஒரு சுலப வழி இருக்கிறது. யுஎஸ்பி வழியாக மின்சாரம் எடுத்து ஓடும் கேமராவா என்று பாருங்கள். அப்படியென்றால் பவர் பேங்குக்கும் கேமராவுக்கும் நடுவில், வாட் காட்டும் சின்ன யுஎஸ்பி மீட்டர் ஒன்றைச் செருகுங்கள். டைப்-சி வகை மீட்டராக இருக்கட்டும். உள்ளே இருக்கும் பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சார்ஜ் ஏறும் செலவும் சேர்ந்து காட்டும். லென்ஸை மாட்டி, தூங்கும் நேரத்தை நீக்கிவிட்டு, முதலில் ஸ்டெபிலைசேஷன் ஆனில் ஐந்து நிமிடம், பிறகு ஆஃபில் ஐந்து நிமிடம் எண்ணைக் கவனியுங்கள். அப்படியே வியூஃபைண்டரிலிருந்து பின்திரைக்கு மாற்றி, வெளிச்சத்தை ஏற்றி இறக்கி, பட்டனைப் பாதி அழுத்திப் பிடித்து, ஒவ்வொன்றுக்கும் எண்ணைக் குறித்துவையுங்கள். எண் துள்ளும், சராசரியைப் பார்க்க வேண்டும். எந்த இரண்டு எண்ணுக்கு நடுவில் பெரிய தாவல் இருக்கிறதோ அங்கே கை வையுங்கள். வேடந்தாங்கலுக்கு எப்படியும் இரண்டாவது பேட்டரியை எடுத்துக்கொண்டுதான் போகப்போகிறீர்கள். அதைப் பையில் வைக்காதீர்கள், சட்டைப்பையில் வையுங்கள்.